ஆக்டிவ், அடாப்டிவ் ஆப்டிக்ஸ்: எதைத் திருத்துகிறது என்று சொல்லும் பெயர் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் படம் கலங்காமல் ஆடியை வளைத்துத் திருத்தும் நுட்பங்கள் இரண்டு: ஆக்டிவ் ஆப்டிக்ஸ், அடாப்டிவ் ஆப்டிக்ஸ். தமிழில் முன்னதற்குச் 'செயலுறு ஒளியியல்', பின்னதற்குத் 'தகவமைப்பு ஒளியியல்' என்ற கலைச்சொல் பரிந்துரைகளைப் பார்த்தேன். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் எது என்ன வேலை செய்கிறது என்று தெரிவதில்லை. ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

முதலாவது, அதாவது ஆக்டிவ், தொலைநோக்கியின் சொந்தக் குறையைத் திருத்துவது. தொலைநோக்கி சாயும்போது ஒளியைத் திரட்டும் பெரிய ஆடி (கண்ணாடி) தன் எடையாலேயே தொய்கிறது. தொய்யாத அளவுக்குத் தடிமனாக வார்ப்பதுதான் பழைய வழி. ரஷ்யாவின் 6 மீட்டர் ஆடி ஏறத்தாழ 42 டன். ஒளியியல் வல்லுநர் ரேமண்ட் வில்சன் வேறு மாதிரி யோசித்தார்: ஆடி மெலிதாகவே இருக்கட்டும், பின்புறம் தள்ளியும் இழுத்தும் வடிவத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சிலியின் லா சில்லாவில் 1989-ல் இயங்கத் தொடங்கிய 3.58 மீட்டர் என்.டி.டி. (புதுத் தொழில்நுட்பத் தொலைநோக்கி) அப்படிப் பிறந்ததுதான். பிறகு சிலியிலேயே பரனால் வானாய்வகத்தின் நான்கு தொலைநோக்கிகளில் வந்த 8.2 மீட்டர் ஆடிகளின் தடிமன் வெறும் 17.5 செ.மீ.; ஒவ்வொன்றையும் 150 தாங்கிகள் அவ்வப்போது நிமிர்த்துகின்றன. இந்த வேலையில் அவசரம் இல்லை, நிமிடத்துக்கு ஓரிரு திருத்தம் போதும்.

இரண்டாவதில், அதாவது அடாப்டிவில், குற்றவாளி காற்று. வெப்பம் வேறுபட்ட காற்றுத் திட்டுகளைக் கடந்து வரும் விண்மீன் ஒளியின் அலைமுகப்பு, அதாவது ஒளியலையின் முன்பரப்பு, நெளிந்துவிடுகிறது. சில மில்லிநொடிகளில் அந்த நெளிவும் மாறிவிடுகிறது. அதை அளந்து, நேர் எதிரான நெளிவை ஒரு மெல்லிய ஆடியில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை உண்டாக்க வேண்டும். அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் 1953-லேயே இதைச் சொன்னார். வானியலில் நடைமுறைக்கு வர 1980-களின் கடைசி ஆகிவிட்டது. இப்போது பரனாலின் நான்காம் தொலைநோக்கியில் 1.1 மீட்டர் இரண்டாம் ஆடியே 1,170 முனைகளில் உந்தப்பட்டு நெளிகிறது.

சரி, பெயர். 'காற்றுத்திருத்த ஒளியியல்' என்று முதலில் தோன்றும். ஆனால் விழித்திரையைப் படமெடுக்கவும் இதே நுட்பம் பயன்படுகிறது, அங்கே காற்றுக்கு வேலையே இல்லை. 'மெதுதிருத்தம், விரைதிருத்தம்' என்றால், இன்றைய வேகம் நாளைக்கு மெதுவாகிவிடும். என் பரிந்துரை: ஆக்டிவுக்கு 'வடிவக்காப்பு ஒளியியல்', அடாப்டிவுக்கு 'ஈடுசெய் ஒளியியல்'. ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் 36 ஆடித் துண்டுகளை ஒரே ஆடிபோல வைத்திருப்பதும் வடிவக்காப்புக்குள் அடங்கும். வெளியிலிருந்து வரும் கோணலுக்கு எதிர்க்கோணல் கொடுப்பது கண்ணானாலும் காற்றானாலும் ஈடுசெய்வதுதான்.

துணைச்சொற்களில் வளையும் ஆடிக்கு 'நெகிழாடி' போதும். ஆடியைப் பின்னாலிருந்து தள்ளும் ஆக்சுவேட்டருக்கு 'இயக்கி' வேண்டாம், அதை மென்பொருள்காரர்கள் 'டிரைவர்' என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், 'உந்துமுனை' எனலாம். காற்றின் நெளிவை அளக்கப் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இல்லாதபோது சுமார் 90 கி.மீ. உயரத்திலுள்ள சோடியம் அடுக்கை லேசரால் ஒளிரவைத்து உண்டாக்கும் செயற்கைப் புள்ளிக்கு 'வழிமீன்'. சந்தை ஞாபகம் வருகிறது என்பவர்களுக்கு: விண்மீனைப் பார்த்து வராத ஞாபகம் இதற்கு மட்டும் ஏன்?

அப்புறம், காற்றின் வெவ்வேறு உயரங்களுக்குத் தனித்தனி நெகிழாடி வைக்கும் முறையும் இருக்கிறது. அதற்குப் 'பல்லடுக்கு ஈடுசெய் ஒளியியல்' என்று நீட்டினால் பொருள் கெடாமல் வருகிறது. 'தகவமைப்பு'தான் வேண்டும் என்பவர்கள் இதையும் அதே சொல்லால் சொல்லிக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.