தட்டைப்பயற்றுக் கொடியருகே அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் பட்டை ஈ எந்த இனம்?

மாடித்தோட்டக்காரி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பத்துத் தொட்டிகளில் தட்டைப்பயறு வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து இளந்தண்டுகளிலும் பிஞ்சுக் காய்களிலும் கறுப்பு அசுவினி அப்பிக்கொண்டிருக்கிறது. அதே நாள்களில், நெல்மணியைவிடச் சற்றே நீளமான, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு பூச்சி காலை எட்டு மணி வாக்கில் வந்து, கொடிக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கையை நீட்டினால் சட்டென்று விலகி மீண்டும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. குளவி என்று எண்ணிக் குழந்தைகளை மாடிக்கு விடாமல் வைத்திருக்கிறேன்.

அசுவினிக் கூட்டத்தின் நடுவே கால்களே இல்லாத, வெளிர்பச்சையான அட்டை போன்ற புழுக்கள் சிலவும் இருக்கின்றன. மருந்துக் கடையில் கொடியைக் காட்டியபோது, அது இலை தின்னும் புழு என்று சொல்லி இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைக் கொடுத்தார்கள், இன்னும் தெளிக்கவில்லை. இணையத்தில் தேடியபோது எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் என்ற ஈயின் படம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதுதானா? மேலிருந்து எடுத்த இரண்டு படங்களை இணைத்துள்ளேன்.

பட்டாம்பூச்சி வாத்தியார்:

குழந்தைகளைத் தாராளமாக மாடிக்கு அனுப்புங்கள் அம்மா. இது குளவியன்று, சிர்பிட் ஈ; பூ ஈ என்றும் சொல்வார்கள். குளவிக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டே. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற ஹால்டியர்கள் இருப்பதை உங்கள் இரண்டாவது படத்தில் காணலாம். உணர்கொம்பும் குட்டையாக இருக்கிறது. கொடுக்கே இல்லாத இந்த ஈ, குளவியைப் போல் நிறம் பூசிக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகிறது, உங்களையும் ஏமாற்றிவிட்டது.

இனத்தைப் பொறுத்தவரை பால்டியேட்டஸ் என்றே எனக்கும் தோன்றுகிறது. நம் பக்கத்தில் அது சாதாரணம்.

பூச்சிக்கணக்கு:

சிர்பிட் ஈ என்பதில் ஐயமில்லை. பால்டியேட்டஸ் என்பதில் மட்டும் வாத்தியாரிடமிருந்து மாறுபடுகிறேன். பால்டியேட்டஸின் வயிற்றில் மூன்றாம், நான்காம் கண்டங்கள் (வளையம் போன்ற பகுதிகள்) ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும்: பின்னோரத்தில் அகலமான ஒன்று, அதற்கு முன்னால் மீசை வரைந்ததுபோல் மெல்லிய ஒன்று. அந்த மீசைதான் அதன் முத்திரை. உங்கள் ஈயில் மீசை இல்லை. இரண்டாம் கண்டத்தில் தனித்தனியாக இரண்டு மஞ்சள் திட்டுகளும், மூன்றிலும் நான்கிலும் வில்லாக வளைந்த ஒற்றை மஞ்சள் பட்டையும் தெரிகின்றன.

மார்பையும் பாருங்கள். பால்டியேட்டஸில் மார்பின் மேல்புறம் சாம்பல் கோடுகள் ஓடும் மங்கிய வெண்கல நிறமாக இருக்கும். உங்கள் ஈயில் மார்பு கருமையாக மினுமினுக்கிறது. அதன் இரு ஓரங்களிலும், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல், பளிச்சென்ற மஞ்சள் கோடு ஓடுகிறது. இந்தக் கோட்டைக் கொண்டு இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்ற வேறொரு சிர்பிட் ஈ என்று ஊகிக்கிறேன். ஆனால் ஸ்பீரோபோரியா என்ற மற்றொரு சிர்பிட் பேரினத்துக்கும் இத்தகைய கோடு உண்டு என்பதால் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

தீர்ப்பு பின்காலில் இருக்கிறது. இஸ்கியோடான் ஆணின் பின்காலில், தொடை தொடங்குமுன் உள்ள டிரோகாண்டர் என்ற சிறு கணுவிலிருந்து முள்போன்ற ஒரு நீட்சி கீழ்நோக்கி நிற்கும். 1913இல் சாக் என்ற பூச்சியியலாளர் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயரிலேயே இது இருக்கிறது. கிரேக்க மொழியில் இஸ்கியோன் என்றால் இடுப்பு, ஓடான் என்பது பல். ஸ்பீரோபோரியா ஆணுக்கோ வயிற்றின் நுனி உருண்டையாகப் பருத்திருக்கும். எனவே நீங்கள் ஓர் ஆணைப் பிடிக்க வேண்டும்: கண்கள் இரண்டும் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண், நடுவே இடைவெளி இருந்தால் பெண். மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல) ஐந்து நிமிடம் வைத்தால் மயங்கிக் கிடக்கும். பக்கவாட்டிலும் அடியிலும் படமெடுத்துவிட்டு வெயிலில் விட்டால் பறந்துவிடும்.

இந்த ஈக்கு ஸ்குட்டெல்லாரிஸ் என்ற சிற்றினப் பெயரை 1805இல் இட்டவர் டேனியப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். தரங்கம்பாடியிலிருந்து டேனியர்கள் அனுப்பிய பூச்சிகள் பல அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதால், இப்பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடற்கரை நினைவுக்கு வரும்.

மாடித்தோட்டக்காரி:

மூன்று நாள் முயன்று நேற்று ஓர் ஆணைப் பிடித்தேன். முதல் இரண்டும் பெண்கள். மூன்றாவதுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தன. என் மகனின் பத்து மடங்கு லென்ஸில் பின்காலின் அடியைப் பார்த்தபோது, இரு பக்கமும் ஒவ்வொரு முள், மஞ்சளாக, கைத்தையலூசி முனையின் பருமனில், உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. வயிற்று நுனியில் உருண்டை எதுவும் இல்லை. படங்களை இணைத்துள்ளேன். டப்பாவைத் திறந்து வைத்தபின் சுமார் இரண்டு நிமிடம் முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பறந்தது.

பூச்சிக்கணக்கு:

முள் தெளிவாகத் தெரிகிறது. இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ், ஆண் என்று உறுதியாக எழுதிக்கொள்ளலாம். முன்பு பிடித்த இரண்டு பெண்களுக்கும் இதே பெயரை எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். பெண்ணுக்கு அந்த முள் கிடையாது.

பட்டாம்பூச்சி வாத்தியார்:

மீசையைக் கவனிக்காமல் போனது என் பிழை, திருத்தியமைக்கு நன்றி.

பயறுநிலம்:

புழுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் தட்டைப்பயற்று வயலில் ஆண்டுதோறும் பார்ப்பதால் எழுதுகிறேன். நீங்கள் அட்டை என்று சொல்வது இந்த ஈயின் குஞ்சுதான், இலையைத் தொடாது. கூர்மையான முன்முனையை இப்படியும் அப்படியும் வீசித் தேடி, அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, தண்டிலிருந்து மேலே தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டு, தோலை உதறிவிடும். ஒரு புழு கூட்டுப்புழு ஆகும்வரை நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும். தாய் ஈ முட்டைகளைக் கொத்தாக இடாமல், அசுவினிகளுக்கிடையே வெள்ளையாக, நீள்வட்டமாக ஒவ்வொன்றாக வைக்கும். இலையில் கரிய பிசுக்குக் கறை தெரிந்தால் அங்கே புழு இருக்கிறது என்று கொள்ளலாம்.

இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேரக்கூடியது. பூத்திருக்கும் கொடியில் அதை அடித்தால், மகரந்தம் தின்ன வரும் தாய் ஈக்கும் கேடு, அசுவினியைத் தின்னும் புழுவுக்கும் கேடு. புழு இல்லாத நுனிகளில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிடுங்கள். தொட்டியில் ஏறும் எறும்புகளையும் தடுங்கள், அவை அசுவினிக்குக் காவல் நிற்பவை.

மாடித்தோட்டக்காரி:

மருந்துப் புட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று காலை இலையின் அடியில் நீர்த்துளி வடிவில், பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கூடுகளைக் கண்டேன். ஒன்றில் பருத்த முனை மூடிபோல் கழன்றிருக்கிறது. மற்றொன்றிலோ முனைக்குப் பக்கத்தில் கடித்ததுபோல் ஒழுங்கற்ற ஓட்டை இருக்கிறது.

பூச்சிக்கணக்கு:

மூடி கழன்றதிலிருந்து ஈ வெளியேறியிருக்கிறது. ஓட்டை விழுந்ததிலிருந்து வந்தது பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவி. டிப்ளசான் லேட்டடோரியஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி சிர்பிட் ஈயின் முட்டையிலோ இளம்புழுவிலோ தன் முட்டையை இட்டு, கூட்டுப்புழுவான பிறகு அதைக் குடைந்துகொண்டு வெளிவரும். இது மனிதரைக் கொட்டாத சிறு குளவி. அதே இனந்தானா என்று வெறுங்கூட்டைக் கொண்டு சொல்ல முடியாது. முழுதாக உள்ள கூடு ஒன்று கிடைத்தால் இலையோடு கிள்ளி, மெல்லிய துணி கட்டிய புட்டியில் வைத்து, வெளிவருவதைப் படமெடுத்து இங்கே இடுங்கள்.