ஃப்ரெகெஸியா: பங்கா, பற்றா, குடும்பா?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

திங்கள்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுக்க வேண்டும். போர்த்துகலின் வடக்கே, டோரு ஆற்றுக்கு மேலே மேட்டுநிலத்தில் இருக்கும் ஃபவாயுஷ் என்ற சிற்றூரைப் பற்றிய கட்டுரை. மொஸ்கத்தெல் திராட்சையில் செய்யும் இனிப்பு வைனுக்கும், நாலு மூலை வைத்துச் சுடும் ரொட்டிக்கும் பேர்போன ஊர். திராட்சை, வைன், ரொட்டி எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நிர்வாகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே வாக்கியத்தில் மூன்று முள்:

"ஃபவாயுஷ் ஒரு விலா. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு கொன்செல்யுவின் தலைமையிடம். இப்போது அலிஜோ கொன்செல்யுவில் அடங்கிய ஒரு ஃப்ரெகெஸியா."

கொன்செல்யுவை நகராட்சி என்று ஓட்டிவிட்டேன். நாடு முழுக்க 308 இருக்கின்றன. அதற்குக் கீழ்ப்படி ஃப்ரெகெஸியா. அதற்கும் தேர்தல் உண்டு, அவை உண்டு, 'ஜுந்தா' என்ற செயற்குழு உண்டு. (ஜுந்தா என்று அப்படியே விட்டால் நம் ஆட்கள் மியான்மர் செய்தி என்று நினைத்துவிடுவார்கள்.) அகராதி வழியே போய்க் 'குடியியல் பங்கு' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே புரியவில்லை. உதவுங்கள்.

பழனியப்பன் எழுதியது:

இதில் என்னம்மா சிக்கல்? ஊராட்சி. ஜுந்தா என்ன வேலை செய்கிறது பாருங்கள்: இன்னார் இந்த ஊரில் குடியிருக்கிறார் என்று சான்று தருவது, நாய்க்கு உரிமம் கொடுப்பது, கல்லறையைப் பராமரிப்பது. 150 வாக்காளர்களுக்கு மேல் இல்லாத ஃப்ரெகெஸியாவில் அவையே கிடையாது. வாக்காளர் எல்லாரும் நேரில் கூடி முடிவெடுக்கிறார்கள். நம்ம கிராம சபைதான் இது. மக்களுக்குப் புரிகிற சொல் கையில் இருக்கும்போது எதற்குத் தோண்ட வேண்டும்?

அந்தோணி எழுதியது:

செல்வி, 'பங்கு' உங்களுக்குப் புரியவில்லை என்பது எனக்கு வருத்தம். ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரத்துக்கு எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்கு மக்கள் என்றுதான் வளர்ந்தோம்.

ஃப்ரெகெஸியாவின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 'ஃப்ரெகேஷ்' என்றால் பங்கைச் சேர்ந்தவர். லத்தீனில் 'ஃபிலியுஸ் எக்ளேசியே', திருச்சபையின் பிள்ளை, என்பது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். இல்லை, 'மந்தையின் பிள்ளை' என்று சொல்வாரும் உண்டு. எப்படியோ, கோயிலுக்கு வழக்கமாக வருகிறவர். அப்புறம் அதே சொல் கடைக்கு வழக்கமாக வருகிறவருக்கும் போய்விட்டது. இன்றைக்கும் போர்த்துகீசியத்தில் வாடிக்கைக்காரர் ஃப்ரெகேஷ்தான். ஆக, பங்கு வேண்டாம் என்றால் 'வாடிக்கை' என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

மீனாட்சி எழுதியது:

இரண்டு பேருக்கும் மறுப்பு.

பழனியப்பன் ஐயா, லிஸ்பன் நகரத்துக்குள்ளேயே 24 ஃப்ரெகெஸியாக்கள் இருக்கின்றன. தலைநகரின் நடுவில் ஊராட்சியா? ஃபவாயுஷுக்குப் பொருந்துகிற சட்டை லிஸ்பனுக்குப் பொருந்தாது.

அந்தோணி அண்ணா, வேர் கோயிலில் இருக்கலாம், ஆனால் அரசு அதை வேண்டுமென்றே வெட்டிவிட்டது. இந்த அமைப்புக்குச் சட்டத்தில் முன்பு 'பரோக்கியா' என்றுதான் பெயர். கோயில் பங்குக்கும் அதே பெயர். 1910-இல் குடியரசு வந்தது, மறு ஆண்டே அரசையும் திருச்சபையையும் பிரித்தார்கள், 1916-இல் அரசு அமைப்புக்கு ஃப்ரெகெஸியா என்று பெயரை மாற்றினார்கள். பரோக்கியா பாதிரியாரிடம் போயிற்று. இப்போது நாம் 'பங்கு' என்று எழுதினால் அவர்கள் நூறு வருஷத்துக்கு முன் வெளியே அனுப்பிய பாதிரியாரைத் திரும்பக் கூட்டிவந்து ஜுந்தா நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி.

குகன் எழுதியது:

செல்வி அக்கா, எங்கட பக்கத்தில இதுக்கு ஒரு சொல் கிடக்குது. யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசர் ஆண்ட காலத்தில் கோயிலை வைத்துப் பிரித்த பிரிவுகளைக் 'கோவிற்பற்று' என்று சொல்வார்கள். கோயில் வேண்டாமென்றால் 'பற்று' போதும். மட்டக்களப்பில் கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, போரதீவுப்பற்று எல்லாம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ள நிர்வாகப் பிரிவுகள். சமயம் ஒட்டாது, கிராமம் நகரம் என்ற பேதமும் இல்லை.

இன்னொன்று. காணிப் பதிவேட்டுக்கு நாங்கள் 'தோம்பு' என்கிறோமே, அது போர்த்துகீசிய 'தோம்பு'வேதான். லிஸ்பனில் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் 'தோரி து தோம்பு', தோம்புக் கோபுரம். 1755 பூகம்பத்தில் அந்தக் கோபுரம் விழுந்தது. விழுந்த நகரத்தை நிமிர்த்திய அமைச்சர் பொம்பால்தான் மறு வருஷம், 1756-இல், டோருவுக்கு வைன் கம்பனியை உண்டாக்கி, எந்த நிலத்து வைன் ஏற்றுமதிக்கு என்று கருங்கல் நட்டு எல்லை கட்டினவர். கட்டுரையில் இது வருகுதா?

செல்வி எழுதியது:

வருகிறது, குகன். கல் நட்டதும் வருகிறது, வைனில் நிறத்துக்காகக் கலக்கிறார்கள் என்று அந்த வட்டாரத்து எல்டர் பழச் செடிகளைப் பிடுங்க வைத்ததும் வருகிறது. 1757-இல் கம்பெனியை எதிர்த்து போர்த்து நகரில் நடந்த கலகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'குடிகாரர் கலகம்'. அதற்கு மட்டும் மொழிபெயர்ப்புச் சிக்கலே வரவில்லை.

தமிழ்வேள் எழுதியது:

நண்பர்களே, பங்கும் பற்றும் பார்த்தீர்கள்; கல்வெட்டைப் பார்க்கவில்லை. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் ஊரை 30 பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் குடவோலை எடுத்தார்கள். அந்தப் பிரிவின் பெயர் 'குடும்பு'. தேர்தலோடு பிணைந்த பழந்தமிழ்ச் சொல் இது. இதைவிட வேறென்ன வேண்டும்?

'கொன்செல்யு'வையும் விடக்கூடாது. லத்தீனில் 'கொன்சிலியும்', 'கலாரே', கூவி அழைத்தல், அதன் பகுதி. நம்மிடம் 'கலி' என்றால் ஒலி, ஆரவாரம். கலி, கலகல, கலகம் என்று அடுக்கிப் பாருங்கள். கூவிக் கூட்டிய அவை ஆகையால் கொன்செல்யுவுக்குக் 'கலியவை' என்பேன்.

மீனாட்சி எழுதியது:

ஐயா, கலியவை என்றால் கலியுகத்து அவை என்று படிப்பார்கள். லத்தீனுக்கும் தமிழுக்கும் நீங்கள் நடத்தும் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல 'கலகம்' வந்து நிற்பதும் சரியில்லை.

அந்தோணி எழுதியது:

வேர்ச்சொல் திருவிழா தொடங்கிவிட்டதால் நானும் ஒரு கடை போடுகிறேன். நம்ம பீப்பாய் போர்த்துகீசிய 'பிப்பா'. டோருவில் அது வெறும் பாத்திரப் பெயராக நிற்கவில்லை, அளவுப் பெயராகவும் ஆகிவிட்டது: ஒரு பிப்பா 550 லிட்டர். ஒவ்வொரு விவசாயியும் அந்த ஆண்டு எத்தனை பிப்பா போர்ட் வைன் செய்யலாம் என்று அனுமதிப்பதே அந்தக் கணக்கில்தான். செல்வி, அங்கே 'பீப்பாய்' என்றே எழுதுங்கள். அந்தச் சொல் கப்பலேறி நம்மிடம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று, ஒருமுறை ஊருக்குப் போய் வரட்டும்.

தமிழ்வேள் எழுதியது:

> பீப்பாய் போர்த்துகீசிய 'பிப்பா'

சிறுவர் ஊதும் பீப்பியை மறந்துவிட்டீர்கள்.

அந்தோணி எழுதியது:

ஐயா, சிரிப்பதற்காகச் சொன்னீர்களோ என்னவோ, பாதி சரி. லத்தீனிலும் அது கீச்சிடும் ஒலியிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் குழந்தை ஊதிய பீப்பி தமிழ்க் குழந்தையுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

செல்வி எழுதியது:

ஞாயிறு இரவு மணி 11. பீப்பாயை ஏற்றுக்கொண்டேன், நன்றி. குடும்பையும் முயன்றேன் ஐயா, நிஜமாகவே முயன்றேன். பிழைதிருத்தி அதைத் தானாகவே மாற்றி, "ஃபவாயுஷ் இப்போது அலிஜோ நகராட்சியில் அடங்கிய ஒரு குடும்பம்" என்று கொண்டுவந்து நிறுத்தியது. 2013-இல் 4,259 ஃப்ரெகெஸியாக்களை இணைத்து 3,092 ஆக்கிய செய்தி அதற்கு அடுத்த பத்தியில் வருகிறது. அது கூட்டுக் குடும்பம் பற்றிய கட்டுரையாகிவிட்டது. (2025-இல் பலவற்றைத் திரும்பப் பிரித்தார்கள். அதை எழுதினால் பாகப்பிரிவினை.)

பற்றுக்கு மூன்று பேர், ஊராட்சிக்கு ஒருவர், பங்குக்கு ஒருவர், குடும்புக்கு ஒருவர். மூன்றில் ஒன்று என்னுடையது, தூக்கக் கலக்கத்தில் போட்டது. 'பற்று' என்று அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஃப்ரெகெஸியா' இருக்கும்.

பழனியப்பன் எழுதியது:

அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நான் 30 வருஷம் கணக்குப் பிள்ளையாக இருந்தவன். எனக்குப் பற்று என்றால் பற்று வரவில் இடது பக்கம். 'பற்றுத் தலைவர்' என்று படித்தால் யாரோ பெரிய கடன்காரர் என்றுதான் தோன்றும். ஊராட்சி என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது.

குகன் எழுதியது:

அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். 'விலா'வை என்ன செய்தீர்கள்?

செல்வி எழுதியது:

பேரூராட்சி என்று போட்டேன். ஏன்?

மீனாட்சி எழுதியது:

ஐயோ, அனுப்பிவிட்டீர்களா? விலா வெறும் பட்டம் செல்வி. ஊருக்குக் கொடுக்கும் மரியாதைப் பெயர். அதற்கென்று ஆட்சியும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. கொன்செல்யு கையைவிட்டுப் போன பிறகும் ஃபவாயுஷ் விலாவாக இருப்பது அதனால்தான்.

தமிழ்வேள் எழுதியது:

விலாவுக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. காலையில் விரிவாக எழுதுகிறேன்.