ஈயக்குண்டு வார்க்க எந்த ஈயம்? மெத்தா, கெட்டியா?

தூண்டில்தம்பி:
தூண்டிலுக்கான ஈயக்குண்டை வீட்டிலேயே வார்க்கலாம் என்று ஒரு அலுமினிய அச்சு வாங்கிவிட்டேன், 100 கிராம் அளவு. கையில் மூன்று வகைப் பழைய உலோகம் இருக்கிறது. கூரைக்குப் போட்டிருந்த ஈயத்தகடு, ஒரு டப்பா நிறைய கார் வீல் வெயிட் (சக்கரம் ஆடாமல் சுற்ற விளிம்பில் மாட்டும் எடைத்துண்டு), அப்புறம் அச்சுக்கூடத்தில் கிடந்த லைனோடைப் வரிகள் (பழைய அச்சுக்கோர்ப்பு இயந்திரம் வார்த்த உலோக எழுத்து வரிகள்) கொஞ்சம். மூன்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கினால் என்ன என்று பார்க்கிறேன். பாறைத் தரை, மணல் தரை இரண்டிலும் போடுவேன்.

கரையோரக்கிழவன்:
தம்பி, கலக்காதே. தகட்டை மட்டும் உருக்கு. ஈயம் என்றாலே மெத்தென்று இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். சுத்த ஈயத்தின் அடர்த்தி 11.34, அதனால்தான் சின்னக் குண்டிலேயே நல்ல எடை கிடைக்கிறது. வேறு எதைச் சேர்த்தாலும் எடை குறையும். கெட்டி உலோகம் என்றால் ஈயத்தை இறுக்க ஆன்டிமனி என்ற இன்னொரு உலோகம் கலந்திருப்பார்கள், அது உருக 630 டிகிரி வேண்டும், வீட்டு அடுப்புக்கு வேலையில்லாத வேலை.

அச்சுப்பட்டறை:
பெரியவர் மன்னிக்கணும், அந்த 630 கணக்கு இங்கே செல்லாது. அது தனி ஆன்டிமனி உருகும் சூடு. ஈயத்தில் கரைந்துவிட்டால் கதையே வேறு. சுத்த ஈயம் 327-ல் உருகும், கிளிப் வைத்த பழைய வீல் வெயிட்டில் மூன்று நான்கு சதம் ஆன்டிமனியும் ஒரு துளி வெள்ளீயமும் இருப்பதால் அது 300-ஐ ஒட்டியே முழுசாக இளகிவிடும். லைனோடைப்பில் 12 சதம் ஆன்டிமனி, 4 சதம் வெள்ளீயம், மிச்சம் ஈயம், அது 240 பக்கத்திலேயே தண்ணீராகிவிடும். கெட்டி உலோகம்தான் சீக்கிரம் உருகுகிறது என்பது முதலில் எனக்கும் நம்ப முடியாமல்தான் இருந்தது.

எடைக்கும் கணக்கு சொல்கிறேன். தம்பியின் அச்சு சுத்த ஈயத்தில் 100 கிராம் தருகிறது என்றால் வீல் வெயிட்டில் 97 வரும், லைனோடைப்பில் 90. மூன்று கிராம் குறைந்ததற்காக எந்த மீனும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் மெத்து ஈயத்தைப் பாறையில் வீசிப் பாருங்கள், இடுக்கில் மாட்டி இழுக்கும்போது அது நசுங்கி இன்னும் இறுகிக்கொள்ளும், கடைசியில் தூண்டில் நரம்புதான் அறும். கெட்டிக் குண்டு நசுங்காது, பெரும்பாலும் தட்டிவிட்டு வெளியே வந்துவிடும்.

கரையோரக்கிழவன்:
சூட்டுக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். பாறைக் கதையை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாட்டுவதும் மாட்டாததும் குண்டின் வடிவத்தைப் பொறுத்தது, உலோகத்தைப் பொறுத்ததல்ல. அதோடு பிளவு விட்ட சின்ன மணிகளை நரம்பில் வைத்து இறுக்குகிறோமே, அதைக் கெட்டி ஈயத்தில் வார்த்தால் இறுக்கும்போது படக்கென்று உடையும், இல்லையென்றால் நரம்பையே வெட்டும். அதற்கு என்ன பதில்?

அச்சுப்பட்டறை:
அதற்குப் பதிலே இல்லை, அதற்கு மெத்து ஈயம்தான். தம்பி கேட்டது 100 கிராம் குண்டுக்கு.

நீர்க்கோழி:
இரண்டு பேரும் எந்த ஈயம் என்று சண்டை போடுகிறீர்கள், ஈயம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரிட்டனில் 1987-லேயே 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளைத் தூண்டிலுக்கு விற்கத் தடை போட்டார்கள். அன்னங்கள் இரை அரைக்கக் கல் பொறுக்கும்போது இந்த மணிகளையும் விழுங்கிச் செத்ததுதான் காரணம். பிஸ்மத் என்ற உலோகத்தையும் வெள்ளீயத்தையும் 58-க்கு 42 என்று கலந்தால் 138 டிகிரியிலேயே உருகிவிடும், விஷமும் குறைவு. அதை ஏன் பார்க்கக் கூடாது?

அச்சுப்பட்டறை:
பார்த்தேன், வார்க்க அருமையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அடர்த்தி எட்டரைதான். இதே அச்சில் 75 கிராம்தான் வரும், 100 வேண்டுமென்றால் அச்சை மாற்றணும். ஈயத்தை விட விலையும் பல மடங்கு. பாறையில் பத்துக் குண்டு விட்டுவிட்டு வருகிறவனுக்குக் கட்டாது. அப்புறம் 100 கிராம் குண்டை எந்த அன்னமும் விழுங்காது.

நீர்க்கோழி:
அன்னம் விழுங்காது, சரி. வீட்டில் தவழும் குழந்தை? எல்லோரும் புகைக்குப் பயந்து ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், 400 டிகிரிக்குள் ஈய ஆவி மிகக் குறைவு. உண்மையான ஆபத்து மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடு. அதை வழித்துக் கொட்டும்போது பறக்கிற தூசு கையில், சட்டையில், தரையில் ஒட்டி வாய் வழியாக உள்ளே போகிறது. ரத்தத்தில் இந்த அளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு எல்லையை உலக சுகாதார நிறுவனம் சொல்லவே இல்லை. சின்ன மணியைப் பல்லால் கடித்து இறுக்குகிறவர்களும் இங்கே இருப்பார்கள் என்று தெரியும்.

கரையோரக்கிழவன்:
நாற்பது வருஷம் கடித்தவன்தான் நான். இப்போது இடுக்கி வைத்திருக்கிறேன், போதுமா.

தூண்டில்தம்பி:
சரி, உருக்குவது மொட்டை மாடியில், குழந்தைகளை ஏற்ற மாட்டேன், தனிச் சட்டை, தனிப் பாத்திரம், முடித்ததும் ஈரத் துணியால் துடைப்பு. வீல் வெயிட்டுக்கே போகிறேன். ஆனால் டப்பாவில் சிலது பளபளவென்று வேறு மாதிரி இருக்கிறது. இன்னொன்று, பழைய பேட்டரி ஒன்றும் கிடக்கிறது, உடைக்கலாமா?

அச்சுப்பட்டறை:
பேட்டரியைத் தொடவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம், உள்ளே தகட்டில் கால்சியம், ஆர்சனிக், ஆன்டிமனி எல்லாம் இருக்கலாம், அந்தக் கசடு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்று ஆளைக் கொல்லும் வாயு வரும். அப்படியே முழுசாகப் பழைய பேட்டரி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பளபளப்பது துத்தநாகமாகவோ இரும்பாகவோ இருக்கும். கிளிப்பை விட்டுவிட்டு, எடையின் உடம்பே காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. மிச்சத்தைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள், ஈயத்தில் வாய் இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். தரையில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் கிணுங்கென்று கேட்கும். இவ்வளவுக்கும் தப்பி ஒன்றிரண்டு உள்ளே போனாலும் பயப்பட வேண்டாம், துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், நீங்கள் தெர்மாமீட்டர் வைத்து 350-ஐத் தாண்டாமல் முதல் உருக்கலை முடித்தால் கிளிப்போடு சேர்ந்து மேலேயே மிதக்கும், உடனே அள்ளி எறிந்துவிடலாம். ஒரு தடவை நான் சூட்டைப் பார்க்காமல் விட்டு பத்துக் கிலோ கூழாகிவிட்டது. கஞ்சி மாதிரிக் கட்டி கட்டியாக நின்றது, அச்சில் ஓடவே இல்லை.

கரையோரக்கிழவன்:
இதை நான் சொல்கிறேன், இதில் சண்டை வேண்டாம். ஈரமான துண்டை உருகிய ஈயத்துக்குள் அமுக்காதே தம்பி. மேலே ஒரு சொட்டு விழுந்தால் சீறிவிட்டுப் போகும், அடியில் மாட்டிய ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிப் பாத்திரத்தையே வாரி முகத்தில் அடிக்கும். என் புருவம் ஒரு பக்கம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. எல்லாத்தையும் காலிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவை.

தூண்டில்தம்பி:
முடித்தேன். டப்பாவில் ஆறு துத்தநாகம், ஒன்பது இரும்பு. முதல் நாலு குண்டு சுருக்கம் விழுந்து பாதியில் நின்றது, அச்சு குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. அது சூடேறியதும் சரியாக வந்தது. மெழுகு கொஞ்சம் போட்டுக் கிளறியதில் மேலே படிந்ததில் பாதி மறுபடி உள்ளேயே போய்விட்டது. தராசில் 97, 98, 97. தகட்டு ஈயத்தைச் சின்ன மணிகளுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

நீர்க்கோழி:
கசடு எங்கே?

தூண்டில்தம்பி:
மூடி போட்ட தகர டப்பாவில், மேலே "ஈயம், தொடாதே" என்று எழுதி. பேட்டரி எடுப்பவரிடமே இதையும் கேட்டுப் பார்க்கிறேன்.