இடைவெளிக்கு அப்புறம் வேலை: சம்பளப் பேச்சில் பார்த்தது, கேட்டது

ஓஎம்ஆர்_எச்ஆர்:
டெஸ்டிங் லீட் வேலைக்குப் போனில் பேசிய ஒருவர். 2019-ல் 8 லட்சத்தில் விட்டவர், 5 வருஷ இடைவெளி. எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டதும், "எவ்வளவு கொடுத்தாலும் சரி சார், உள்ள வந்தா போதும்" என்றார். அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது 14 முதல் 18. மேனேஜர் பழைய சம்பளத்தின் மேல் 30 சதவீதம் போட்டு 10.4-ல் முடித்துவிட்டார். "30 பர்சென்ட் ஹைக்கா!" என்று அந்தம்மா நன்றி சொன்னதுதான் உறுத்துகிறது. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்தாலே அந்த 8 லட்சம் 10.7 ஆகியிருக்கும். ஹைக்காவது ஒன்றாவது, பழைய மதிப்புக்கே குறைவு.

கோவை_மல்லி:
அதனால்தான் பழைய சம்பளத்தை வாயே திறக்கக் கூடாது. எங்க நாத்தனார் "இந்த ரோலுக்கு உங்க பேண்ட் என்ன சார்?" என்று, அதாவது ஒதுக்கிய சம்பள வரம்பு என்ன என்று, திருப்பிக் கேட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "மேக்ஸ் 16" என்று தானாக வந்தது.

பேக்ரவுண்ட்_செக்:
மல்லிக்கா, பேண்ட் கேட்டது சரி. மறைக்கச் சொல்வது ஒத்துவராது. ஃபார்ம் 16-ம் (கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்று) கடைசி 3 மாத பே ஸ்லிப்பும் கேட்பார்கள். யுஏஎன் (பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் தெரியும். எண்ணைக் கூட்டிச் சொன்னால் ஆஃபர் கேன்சல், சேர்ந்த பிறகு மாட்டினால் வேலையே போகும். "2019-ல் 8. இன்றைய ரோலுக்கு 15 முதல் 17 எதிர்பார்க்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி நிறுத்துங்கள். முதல் பாதியோடு நின்றால் அதன் மேல்தான் சதவீதம் போடுவார்கள்.

பேரோல்_மணி:
எல்லாரும் சி.டி.சி.யிலேயே (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) நிற்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் 12 லட்சத்தை 12-ஆல் வகுத்து, கைக்கு 1 லட்சம் என்று நம்பி வீட்டு லோன் இஎம்ஐ கணக்குப் போட்டிருந்தார். மாசம் 1,00,000-ல் 10 சதவீதம் வேரியபிள் (மாசாமாசம் வராமல், வேலையைப் பார்த்துப் பிறகு தரும் பகுதி) என்றால் முதலில் 10,000 போச்சு. பேசிக் 50,000 என்றால் கம்பெனி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 6,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 2,405. மிச்சம் 81,595. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 6,000 போனால் 75,595. தொழில் வரியும் வருமான வரியும் இதற்குப் பிறகு. சில இடங்களில் பேசிக் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்ற வரம்புக்கு மட்டும் பி.எஃப். கணக்கிட்டு 1,800 மட்டும் பிடிப்பார்கள், கைக்குக் கூடுதலாக வரும். நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி பொதுவாக 5 வருஷம் முடித்தால்தான். நிதியாண்டு முடிகிற நேரத்தில் சேர்ந்தால் அந்த வருஷ வேரியபிள் உண்டா என்றும் கேளுங்கள். சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் பிரேக்அப் ஷீட் வராமல் சரி சொல்லாதீர்கள். குழந்தை இருந்தால் க்ரெச் (குழந்தைக் காப்பகம்) பற்றியும் கேளுங்கள், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு 2017 திருத்தத்திலேயே கட்டாயமாக்கப்பட்டது.

திருச்சி_ரிட்டர்ன்ஷிப்:
மணி அண்ணா, ரிட்டர்ன்ஷிப்பில் (இடைவெளிக்கு அப்புறம் வருபவர்களுக்கான தற்காலிகப் பயிற்சி வேலை) ஸ்டைபெண்ட்தான் பிரச்சினையே. 6 மாதம் 40,000-க்கு வேலை செய்த ஒரு தோழிக்கு, நிரந்தரமாக்கும்போது அதையே 12-ஆல் பெருக்கி 4.8 லட்சம் என்று நீட்டினார்கள். நிரந்தரமானால் எந்தப் பதவி, எந்தச் சம்பளம் என்பதை முதல் நாளே லெட்டரில் எழுதி வாங்கணும். வாய்ப்பேச்சு எடுபடாது.

ஓஎம்ஆர்_எச்ஆர்:
மல்லி, நாத்தனார் 16-க்கே முடித்தாரா?

கோவை_மல்லி:
15.5, கூட 1 லட்சம் ஜாயினிங் போனஸ். 1 வருஷத்துக்குள் விட்டால் முழுசாகத் திருப்பிக் கட்டணும் என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. வேலை செய்த மாசங்களுக்கு ஏற்ப அந்தத் தொகையைக் குறைத்து எழுதச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள்.