பொருள்: ஃப்ளை ஃபிஷிங் – ‘ஈ’ வேண்டாம், ‘கட்டிரை’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஃப்ளை ஃபிஷிங்கையும் அதன் கருவிகளையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையை நேற்றிரவுதான் முழுதாகப் படித்து முடித்தேன். மிச்சிகனில் ஹூரன் ஆற்றில் கோடைக்குக் கோடை இடுப்பளவு தண்ணீரில் நின்று பாஸ் மீன் பிடிப்பவன் நான். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஃப்ளை என்கிற பொய்யிரைகளைக் கட்டுவேன். அதனால் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

> ‘ஈ மீன்பிடிப்பு’ என்றே வைக்கலாமே. நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, அது தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. ‘ஈ மீன்பிடிப்பு’ என்று ஊரில் என் மாமாவிடம் சொன்னேன். “ஈயைப் பிடிச்சு முள்ளுல குத்துவியா? செத்த ஈயா, உசிரோடயா?” என்று கேட்டார். ஊர்க் குளத்தில் நாற்பது வருடம் விரால் பிடித்தவர் கேட்கிற கேள்வி அது. நாம் சொல்கிற பொருளில் ஈயே கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், நூல் எல்லாம் சுற்றிக் கட்டிய பொய்யிரை அது.

சரி, ‘பூச்சி’ என்று விரித்துக்கொண்டால்? தஞ்சைத் தங்கை சொன்ன ‘கட்டுப்பூச்சி’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. டிரவுட் மீன் பிடிப்பவர்களுக்கு அது பொருந்தும். எங்கள் மாநிலத்தில் பிறந்த ஆடம்ஸ் என்ற ஃப்ளையைப் பாருங்கள். 1922இல் மேஃபீல்டு என்ற சிற்றூரில் லெனார்டு ஹாலடே கட்டியது. சாம்பல் நிற உடல், கழுத்தைச் சுற்றிச் சேவல் இறகு. இன்ன பூச்சி என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர் மேல் மிதக்கும் பல பூச்சிகளின் சாயல் அதில் உண்டு. ‘கட்டுப்பூச்சி’ அதற்குக் கச்சிதம்.

பாஸ் பக்கம் வந்தால் சொல் உடைந்துவிடுகிறது. நான் அதிகம் கட்டுவது கிளவுசர் மின்னோ. சஸ்குவெஹானா ஆற்றின் சிறுவாய் (ஸ்மால்மவுத்) பாஸுக்காக 1987இல் பாப் கிளவுசர் உருவாக்கியது. அது பூச்சி இல்லை, குட்டி மீன். தவளை மாதிரி ஒன்று கட்டுகிறார்கள், அட்டை மாதிரி ஒன்று, நண்டு மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். ஆங்கிலம் தன் பழைய சொல்லை இழுத்துக்கொண்டே போகிறது. புதிதாகச் சொல் செய்கிற நாம் அந்தச் சுமையை ஏன் தூக்க வேண்டும்?

இவற்றுக்கெல்லாம் பொது என்ன என்று கேட்டால், கையில் கட்டுகிறோம் என்பது ஒன்றுதான். ஒரு கிளவுசரை எப்படிக் கட்டுகிறேன் என்று சொல்கிறேன். முள்ளின் வளைவை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்குகிறேன். தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, டம்பெல் போன்ற ஈயக் கண்ணைத் தண்டின் மேல்பக்கம் வைத்து, எட்டு வடிவில் நூலைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்துக் கட்டுகிறேன். அப்புறம் மான் வால் மயிரில் ஒரு சிட்டிகை வெள்ளை, ஒரு சிட்டிகை கிளிப்பச்சை. மயிரை நூல் அமுக்கும்போது அது விசிறி மாதிரி விரிந்து எழும். அந்த நேரத்தில் விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் தண்டைச் சுற்றிப் போய்விடும். கண்ணின் கனத்தால் தண்ணீரில் முள் தலைகீழாகத் திரும்பி, நுனி மேலே பார்க்கும். கல்லில் சிக்குவது குறையும். இவ்வளவையும் செய்வது கட்டு.

அதனால் என் முன்மொழிவு: கட்டிரை. கட்டு + இரை. செயற்கை இரை எல்லாவற்றுக்கும் பொய்யிரை, அதில் நூலால் கட்டப்பட்டது கட்டிரை. ஃப்ளை ஃபிஷிங் என்றால் கட்டிரைத் தூண்டில்.

> ‘கட்டுரை’ என்று காதில் விழுமே?

அக்கா, நானும் அதை யோசித்தேன். யோசித்தபோதுதான் சொல்லின் மேல் நம்பிக்கை கூடியது. கட்டுரையும் இதே மாதிரி பிறந்ததுதான்: கட்டு + உரை. உரையைக் கட்டினால் கட்டுரை, இரையைக் கட்டினால் கட்டிரை. மரபு ஏற்கெனவே ஒருமுறை நடந்த வழியில்தான் நாமும் நடக்கிறோம். தூண்டிலும் கையுமாக நிற்பவரிடம் யாரும் கட்டுரை கேட்கப் போவதில்லை.

> எதற்கு இத்தனை பாடு? விரால் பிடிக்கிற பையன்கள் எல்லாம் ‘லூர்’, ‘ஃபிராக்’ என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்லட்டும் தம்பி, நானும் சொல்கிறேன். கடையில் ‘ஃபிராக்’ என்று கேட்டால்தான் தவளை வடிவப் பொய்யிரை கிடைக்கும். ஆனால் ஃப்ளையும், லூர் என்கிற மற்றப் பொய்யிரைகளும் வீசுகிற முறையிலேயே வேறு. அந்த வேறுபாட்டைத் தமிழில் விளக்க உட்கார்ந்தால் சொல் இல்லாமல் தடுமாறுகிறோம். சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை (நைலான் இழையை) இழுத்துக்கொண்டு போகிறது. கட்டிரைக்கு அப்படி இழுத்துப் போகிற கனம் கிடையாது. ஆடம்ஸை வெறுமனே எறிந்தால் காலடியில் விழும். இங்கே கயிறுதான் கனம், கயிறுதான் இரையைச் சுமந்துகொண்டு போகிறது. கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு கனம் என்பதை வைத்தே அதற்கு எண் கொடுக்கிறார்கள். டிரவுட்டுக்குப் பரவலான 5ஆம் எண் கயிற்றில் அது ஏறக்குறைய 9 கிராம். பாஸுக்கான 8ஆம் எண்ணில் 13.6 கிராம். ஆகவே இதற்கு ‘நரம்பு’ பொருந்தாது. வீச்சுக்கயிறு என்கிறேன்.

வீச்சு என்று வைத்தால் பின்வீச்சும் முன்வீச்சும் தானாக வந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது பின்வீச்சில்தான். கயிறு பின்னால் போய் முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் முன்னே இழுத்தால் சாட்டை சொடுக்கிய சத்தம் கேட்கும், முடிச்சோடு கட்டிரை போய்விடும். என் முதல் கோடையில் ஒரே காலையில் நான்கு இப்படிப் போயின, நான்கும் நானே கட்டியவை. அதற்கப்புறம் ஒவ்வொரு பின்வீச்சுக்கும் தலையைத் திருப்பிக் கயிற்றைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பழகுகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்.

மீன் கவ்வியதும் முள் ஏற இழுக்கும் ‘ஸ்டிரைக்’ பற்றி டிரவுட் அணியும் பாஸ் அணியும் இங்கே மோதிக்கொண்டதை ரசித்துப் படித்தேன். இரண்டு பக்கமும் சரிதான், ஏனென்றால் அவை இரண்டு வேறு செயல்கள். நம் ஊரில் ‘சுண்டு’ என்போம். டிரவுட்டுக்குக் கோலை மேலே தூக்கிச் சுண்டுவது கோல்சுண்டு. பாஸுக்கு அப்படிச் செய்தால் கோலின் வளைவே விசையைத் தின்றுவிடும். தவறினால் இரை தண்ணீரை விட்டே வெளியே பறந்துவிடும். கோலைத் தாழ்வாக நீட்டிவைத்து, இடது கையால் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அது கயிற்றுச்சுண்டு. மீன் தவறினாலும் இரை தண்ணீரிலேயே கிடக்கும், திரும்ப வந்து கவ்வும். டிரவுட் பழக்கத்தோடு பாஸுக்கு வருகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கையைத்தான்.

பேராசிரியர் ஐயா இதற்கு ‘நிவப்பு’ என்றார். குறுந்தொகை 54ஆம் பாடலில், யானை வளைத்துக் கைவிட்ட பச்சை மூங்கில், மீன் எறி தூண்டில்போல விசைத்து எழுகிறது; ‘நிவக்கும்’ என்கிறது பாட்டு. ‘மீன் எறி தூண்டில்’ என்ற தொடராலேயே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். தூண்டில் கோலின் துள்ளலை இதைவிட நன்றாக யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்பவரின் கயிறு இழுபடும்போது ‘சுண்டு, சுண்டு!’ என்று கத்த முடியும், ‘நிவ!’ என்று கத்த முடியாது. கரையில் நின்று கத்த முடிகிற சொல்லைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சங்கப் பாட்டிலிருந்து கட்டாயம் எடுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. லார்ஜ்மவுத் பாஸை ‘கொடுவா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுவா நம் கடலிலும் கழிமுகத்திலும் வாழும் மீன், குடும்பமே வேறு. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் இரும்பு முள்ளின் இரையை விழுங்கி, ஆம்பல் இலையைக் கிழித்துக்கொண்டு பாய்கிற விராலுக்கு ‘பகுவாய் வரால்’ என்று பெயர். வாய் பிளந்து அகன்றது. லார்ஜ்மவுத்தின் தாடை கண்ணுக்கும் பின்னால் போகும். அதுவும் அல்லியிலைக்கு அடியில் பதுங்கி, அப்படித்தான் இலையைப் பிய்த்துக்கொண்டு வரும். பகுவாய் பாஸ் என்று எழுதலாம். அந்தப் பாட்டில் வரும் ‘தூண்டில் வேட்டுவன்’ ஆங்லருக்கு அப்படியே பொருந்தும்.

கடைசியாக ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’. இதைப் ‘பிடித்து விடல்’ என்றால் சிக்கல் வரும். ‘பிடித்துவிட்டேன்’ என்றால் மீன் கையில் இருக்கிறது, ‘பிடித்து விட்டேன்’ என்றால் ஆற்றில் இருக்கிறது. ஓர் இடைவெளியை நம்பிக் கலைச்சொல் வைக்க முடியாது, பேச்சில் அந்த இடைவெளி கேட்கவும் கேட்காது. மீள்விடல் என்கிறேன். திரும்ப விடுவதாக இருந்தால் முள்ளின் நுனிக்குக் கீழே இருக்கும் சின்ன நாக்கைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது எளிது. மீனைத் தொடும் முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. வீச்சுக்கயிற்றுக்கும் கட்டிரைக்கும் நடுவே வரும் மெல்லிய தங்கூசியில் (நைலான் இழையில்) ‘லீடர்’, ‘டிப்பெட்’ என்று இரண்டு பகுதி உண்டு. முன்னிழை, நுனியிழை என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தங்கூசி என்ற சொல்லை இங்கே தந்த ஈழத்து அண்ணாவிடம் கேட்கிறேன்: முள்ளுக்குப் பக்கத்தில் கட்டும் அந்த முழ நீளத் துண்டுக்கு உங்கள் கடற்கரையில் தனிப் பெயர் உண்டா?

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து