பாசியால எலிக்கு வீக்கம், மஞ்சளால குறையுதாம், அம்மா முட்டிவலிக்கு குடுக்கலாமா?

பாம்பன் பொண்ணு:
அம்மா இருவது வருஷத்துக்கு மேல பாசி வேலதான், மொதல்ல தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துன்னு ஒரு கடல்பாசி எடுத்தாங்க, இப்ப மூங்கில் மிதவைல பெப்சி பாசி (பெப்சி கம்பெனி கொண்டுவந்த பாசி, அதான் அந்த பேரு) கட்டுறாங்க, இடுப்பளவு தண்ணில நின்னு நின்னு ரெண்டு முட்டியும் வீங்கிப்போய் ராத்திரி தூங்கவே மாட்டேங்குறாங்க. நெட்ல படிச்சேன், சுண்டெலி பாதத்துல கராஜீனன்னு ஒரு பாசிப் பசைய ஊசி போட்டு வீங்க வச்சு, மஞ்சள்ல இருக்குற குர்குமின் குடுத்தா வீக்கம் குறையுதாம். கராஜீனன் நம்ம பெப்சி பாசில இருந்து எடுக்குறதுதானே? அப்ப அம்மா முட்டி வீங்குனதே பாசியாலயா? குர்குமின் மாத்திரை ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கேன், குடுக்கலாமா?

லேப் அண்ணன்:
தங்கச்சி, பாசிமேல பழி போடாத. தோல்ல படுறதும் பாதத்துக்குள்ள ஊசியா ஏத்துறதும் ஒண்ணு இல்ல. பெப்சி பாசில வர்றது கப்பா வகை கராஜீனன், எலிக்கு பெரும்பாலும் போடுறது லாம்டா வகை, மரிக்கொழுந்துல வர்றதோ அகர், அது வேற சரக்கு. நானும் இந்த சோதனை பண்ணிருக்கேன், 1962ல வின்டர்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் கொண்டுவந்த முறை, ஊசி போட்டு சில மணி நேரத்துல பாதம் நல்லா வீங்கிரும், எவ்வளவு வீங்குச்சுன்னு அளந்து பாப்போம். குர்குமின் விஷயமும் உண்மதான், 1973லயே லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல காட்டிட்டாங்க. ஆனா அங்க சுண்டெலிக்கு குடுத்தது கிலோவுக்கு 50ல இருந்து 200 மில்லிகிராம். மனுசனுக்கு கணக்கு போட சுமாரா 12.3ஆல வகுக்கணும், 100னு வச்சா அறுவது கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 490 மில்லிகிராம், மஞ்சத்தூள்ல 3 சதவீதம் போலதான் குர்குமின் இருக்கும், அப்ப தூளா பதினாறு கிராம் வேணும், அதுலயும் குடல் உறிஞ்சுறது ரொம்ப கம்மி. மிளகுல இருக்குற பைப்பரின் சேர்த்தா ரத்தத்துல ஏறுறது பல மடங்கு கூடும்னு 1998ல பெங்களூர்ல மனுசங்க கிட்டயே பாத்திருக்காங்க. அதவிட முக்கியமா ஒண்ணு, எலிக்கு அன்னிக்கு காலைல வந்த வீக்கம், அம்மாவுக்கு வருஷக்கணக்குல தேஞ்ச முட்டி, அதுல கேட்டது இதுலயும் கேக்கும்னு சொல்ல முடியாது.

மண்டபம் நர்ஸ்:
அண்ணே சொன்னதோட இன்னொண்ணு. அம்மா வேற என்ன மாத்திர போடுறாங்கன்னு சொல்லவே இல்லையேம்மா? ரத்தம் உறையாம இருக்க மாத்திர எடுக்குறவங்க, பித்தப்பைல கல்லு இருக்குறவங்க டாக்டர கேக்காம இந்த குர்குமின் மாத்திரைய தொடக்கூடாது. மிளகு சேர்த்த குர்குமின் மாத்திர சிலருக்கு கல்லீரலயும் பதம் பாத்திருக்கு. கொழம்புல போடுற மஞ்சளுக்கு பயமே வேணாம்.

பாம்பன் பொண்ணு:
அக்கா, அத எழுத மறந்துட்டேன், போன வருஷம் நெஞ்சுவலி வந்ததுல இருந்து ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திர தெனமும் போடுறாங்க. டப்பாவ பிரிக்கல, பரண்ல வச்சுட்டேன். வெள்ளிக்கிழம தண்ணி ஏத்தம், அம்மா கடலுக்கு போகமாட்டாங்க, அன்னிக்கே ராமநாதபுரம் கூட்டிட்டுப் போய் முட்டிய படம் எடுத்து பாத்துடுறோம். பாசிய தொடாதன்னு நேத்து அம்மாவ சத்தம் போட்டேன், அதுக்குதான் மனசு கஷ்டமா இருக்கு.