மறுமொழி: விதையை ஈரக்குளிரில் வைக்கும் முறைக்கு ‘குளிரூறல்’னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நாலு நாளா இந்த இழையைப் படிச்சிட்டுதான் இருந்தேன், உக்காந்து எழுத இப்பதான் முடிஞ்சது. ஸ்ட்ராட்டிஃபிகேஷனுக்கு, அதாவது தூங்கற விதையை முளைக்க வைக்கறதுக்காக ஈரத்தோட குளிர்ல வைக்கறதுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டதுக்கு இதுவரை ‘அடுக்காக்கம்’, ‘தட்பப்பதனம்’, ‘குளிர்நேர்த்தி’ன்னு மூணு சொல் வந்திருக்கு, மூணுலயும் எனக்கு ஏதோ ஒண்ணு இடிக்குது. வெறும் இலக்கண விஷயம்னா பேசாம போயிருப்பேன், ஆனா இதுல ஒரு சொல்லை நம்பி எனக்கு ஒரு வருஷத்து விதையே வீணாப் போச்சு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதறேன், பொறுத்துக்கங்க.

> மூலச்சொல்லிலேயே அடுக்கு என்ற பொருள் இருக்கும்போது ‘அடுக்காக்கம்’தானே நேர்ச்சொல்?

ஐயா, மூலத்துல அது இருக்கறது உண்மைதான். ஸ்ட்ராட்டம்னா லத்தீன்ல அடுக்கு. அந்தக் காலத்துத் தோட்டக்காரங்க பெட்டியில ஈரமணலை ஒரு வரிசை பரப்பி, அதுமேல விதை, திரும்ப மணல், திரும்ப விதைன்னு போட்டுப் பனிக்காலம் முழுக்க வெளியில வச்சாங்க, அதனால வந்த பேர். இப்ப யாரு அடுக்கறாங்க? ஜிப்லாக் பையில ஈர வெர்மிகுலைட்டோட (ஈரத்தைப் பிடிச்சு வைக்கற லேசான கனிமத் துகள்) விதையைக் கலந்து ஃபிரிட்ஜ்ல வைக்கறோம். விதைக்கு அடுக்கு தேவையே இல்ல, அதுக்கு வேண்டியது ஈரமும் குளிரும்தான். பழைய பேர் காரணம் போனப்புறமும் நிக்கும்ங்கறதுக்கு நம்ம நீலப்பாப்பியே சாட்சி, இமயமலைப் பக்கத்து நீலப்பூச் செடி அது, அது சேர்ந்த மெக்கனாப்சிஸ்ங்கற பேரினத்தை 1814-ல உண்டாக்குனதே ஐரோப்பாவுல வளர்ற ஒரு மஞ்சப்பூ பாப்பியை வச்சுதான், இன்னிக்கு அந்த மஞ்சப்பூச் செடியைத் தூக்கி, சாதாரண பாப்பிகளோட பப்பாவர் பேரினத்துல போட்டுட்டாங்க, பேர் மட்டும் இமயமலைச் செடிகளுக்குன்னு ஆயிடுச்சு. லத்தீன் பேரை அப்படிக் காப்பாத்த அவங்களுக்கு விதிமுறை இருக்கு, சரி. நாம புதுசா ஒரு சொல் உண்டாக்கும்போது பழைய மணல்பெட்டியை எதுக்குச் சுமக்கணும்?

> பாடநூலில் ஏற்கனவே ‘தட்பப்பதனம்’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே.

அக்கா, சொல் எனக்கும் பிடிச்ச சொல்தான், ஆனா அது வெர்னலைசேஷனுக்குப் போயாச்சு. அது வேற சமாச்சாரம். குளிர்காலக் கோதுமை, முட்டைக்கோஸ் இதெல்லாம் குளிர் பட்டாத்தான் பூக்கும், அங்க குளிர் வேலை செய்யறது பூக்கறதுக்கு. நாம பேசறது முளைக்கறதுக்கு. ரெண்டுத்துக்கும் ஒரே சொல்லை வச்சா, ஒரே செடியைப் பத்தி எழுதும்போதே எந்தக் குளிர்னு படிக்கறவங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

அடுத்து ‘குளிர்நேர்த்தி’. தம்பி, நீங்க சொன்ன இந்தச் சொல்தான் கேட்டதும் புரியுது, விதைநேர்த்தி எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. ஆனா எனக்குச் சேதாரம் வந்ததும் இதே சொல்லாலதான். மூணு வருஷம் முன்ன நீலப்பாப்பி விதை, பெய்லியைன்னு சொல்ற இனம், கைக்குக் கிடைச்சது. தமிழ்ல எழுதுன ஒரு குறிப்புல ‘ஆறு வாரம் குளிர்நேர்த்தி செய்து விதைக்கவும்’னு ஒரே வரி. விதைநேர்த்தின்னா நமக்கு என்ன தெரியும்? மருந்தையோ நுண்ணுயிரையோ கலந்து, நிழல்ல உலர்த்தி, அப்புறம் விதைக்கறது. அந்த ‘உலர்த்தி’ மனசுல பதிஞ்சு கிடக்கு. நானும் விதையைக் காய்ஞ்சபடியே காகித உறையில போட்டு ஆறு வாரம் ஃபிரிட்ஜ்ல வச்சு, எடுத்து, மர நிழல்ல தட்டுல தூவி, தினமும் தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். ஒண்ணு கூட வரல.

காய்ஞ்ச விதையை ஃபிரிட்ஜ்ல வைக்கறது சேமிப்பு, அவ்வளவுதான். நீலப்பாப்பி விதைக்கு உயிர்ச்சத்து சீக்கிரம் போயிடும்ங்கறதால அந்தச் சேமிப்பும் வேண்டியதுதான், ஆனா விதையோட உறக்கம், அதாவது முளைக்காம அடங்கிக் கிடக்கற நிலை, அதனால கலையாது. விதை தண்ணியை உறிஞ்சி உள்ள ஈரமான பிறகு அது படற குளிர்தான் கணக்கு, அப்பத்தான் உறக்கத்துல பிடிச்சு வைக்கற அப்சிசிக் அமிலம்ங்கற ஹார்மோனோட கை தாழ்ந்து, முளைக்கத் தூண்டற ஜிப்பரெல்லின்ங்கற ஹார்மோனோட கை ஓங்கும். மலையில நடக்கறதும் இதுதானே. மூவாயிரம் மீட்டருக்கு மேல, இலையுதிர்காலத்துல விதை உதிருது, ஈரமண்ணுல கிடக்குது, மேல பனி மூடுது, பனி உருகுனதும் முளைக்குது. உதிர்ந்த உடனே முளைச்சா அந்தப் பிஞ்சு நாத்து பனியில செத்துப்போகும், அதனால ஒரு குளிர்காலம் கடந்து போச்சான்னு பார்த்துட்டுத்தான் விதை கண் திறக்குது.

அதனால சொல்லுல ஈரம் இருந்தே ஆகணும்ங்கறது என் கட்சி. ‘ஈரக்குளிர்நேர்த்தி’ன்னு நீட்டிப் பார்த்தேன், வாய்ல நிக்கல, நாளைக்கே எல்லாரும் ஈரத்தை விட்டுட்டுக் குளிர்நேர்த்தின்னுதான் சொல்லுவாங்க. யோசிச்சு யோசிச்சு வந்தது குளிரூறல்.

ஊறப்போடறதுன்னு சொன்னா விளக்கமே வேண்டாம், விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டுற ஊர் நம்மது. ஊறுதல்ல ஈரம் மட்டும் இல்ல, நேரமும் இருக்கு, ‘நல்லா ஊறட்டும்’னா பொறுத்திருன்னும் அர்த்தம். வினையாவும் வளையும், ‘ஆறு வாரம் குளிர்ல ஊறப்போடு’, ‘இன்னும் ஊறல’, ‘ஊறுன விதை’ன்னு எப்படி வேணா சொல்லலாம். அடுக்காக்கத்தை வச்சு இப்படி ஒரு வாக்கியம் பேசிப் பாருங்க.

வரக்கூடிய ஆட்சேபணைகளும் எனக்குத் தெரியுது. ஊறல்னா தண்ணியில முங்கிக் கிடக்கற மாதிரி தோணும், விதை அழுகிடும்னு ஒருத்தர் தனிமடல்ல சொன்னாரு. நியாயமான பயம்தான், ஆனா ‘சுவர் ஈரத்துல ஊறிப்போச்சு’ன்னா சுவர் தண்ணிக்குள்ளயா நிக்குது? கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்குற ஈரமும் ஊறல்தான். செய்தித்தாள்ல ‘சாராய ஊறல் அழிப்பு’ன்னு வருதேன்னும் கேப்பாங்க, அதுக்காக நல்ல சொல்லை விட்டுக் குடுக்க எனக்கு மனசு இல்ல. குளிரூட்டலோட குழம்பும்ங்கறதுதான் கொஞ்சம் கனமான ஆட்சேபணை, ஒண்ணு ரெண்டு எழுத்து மாறுனா ஏசி ஆயிடுது. எழுத்துல பிரிச்சு ‘குளிர் ஊறல்’னு போட்டா அது தீரும்னு நினைக்கறேன், புணர்ச்சி கெட்டியா தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொரு லாபம், இதோட குடும்பமே சேர்ந்து வருது. சில விதைக்கு முதல்ல கதகதப்பான ஈரம், அப்புறம் குளிரான ஈரம்னு ரெண்டும் வேணும், அந்த முதல் கட்டத்துக்கு ‘வெதுவூறல்’. ஜிப்பரெல்லின் கரைசல்ல விதையைப் போடறதுக்கு ‘ஜிப்பரெல்லின் ஊறல்’. கெட்டித்தோல் விதையை உரசறதுக்கு, அதாவது ஸ்காரிஃபிகேஷனுக்கு, ‘தோல்கீறல்’. ஊறலும் கீறலும் பக்கத்துல பக்கத்துல நின்னா மறக்கவே மறக்காது.

போன வருஷம் ஊறப்போட்டுத்தான் விதைச்சேன். சொட்டாத அளவுக்குப் பிழிஞ்ச வெர்மிகுலைட், பையில விதை, நாலு டிகிரி, ஆறு வாரம். அப்புறம் மண்மேல தூவி மூடாம விட்டேன், அதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும், வெக்கை இருபது டிகிரியைத் தாண்டவும் கூடாது. பதினோரு நாள்ல முதல் பச்சை. பாதி நாத்து அழுகல்ல போச்சு, நெருக்கமாத் தூவுனது என் தப்பு. மிச்சம் மரத்தடியில இலைமக்கு மண்ணுல நிக்குது. அதுல ஒண்ணு இப்பவே மொட்டு விட்டிருக்கு, பக்கக்கிளை வெடிக்காத ஒத்தைச் செடி பூத்தா அதோட செத்துப்போக வாய்ப்பு உண்டுங்கறதால நாளைக்குக் காலையில கிள்ளிடப் போறேன். மனசு வரல, ஆனாலும் கிள்ளணும்.

தம்பி, உங்க விதை வந்துடுச்சுன்னு எழுதியிருந்தீங்க, சொல் முடிவாகற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே ஊறப்போட்டுடுங்க. அக்கா, ‘வெதுவூறல்’ காதுக்கு எப்படி இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அதுல மட்டும் எனக்கு இன்னும் திருப்தி வரல.

அன்புடன்